பிடிவாதம் என்னும் சொல்லின் பூர்வீகம்



இரண்டு மாதங்களுக்கு முன் நம் சங்கத்து ஞாயிறு தமிழ் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். அன்றைக்குச் சில சொற்களைக் கொடுத்து வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லியிருந்தேன். 'வைராக்கியம்' என்பது அவற்றில் ஒன்று. ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, "என் தம்பி ஐஸ்கிரீம் வேண்டும் என்று வைராக்கியம் பிடித்தான்" என்று எழுதி, எழுந்து நின்று உரக்கப் படித்தாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெற்றோரும் சிரித்தனர். உள்ளதைச் சொல்வதானால் நானும் சிரித்தேன். அவள் மட்டும் உட்காரவில்லை. "அகராதியிலே ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தானே தாத்தா போட்டிருக்கு? அவன் விடவே மாட்டேன்னு நின்னான். அது ஏன் வைராக்கியம் இல்லே?" என்று கேட்டாள். மணியாகிவிட்டது, அடுத்த வாரம் சொல்கிறேனம்மா என்று முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தொலைபேசியில் தாயாரிடம் விசாரித்தபோது, "இனிமே வரமாட்டேன்னு ஒரே பிடிவாதமா இருக்கா, ஐயா" என்றார்.

அவள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் விட்டது என் தவறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தமிழ்ப் புலவன் அல்லன். என்ஜினீயரிங் டிப்ளமோ படித்து, ரெயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் பிறந்தது நகரியில். ஒரு காதில் தமிழும் மறு காதில் தெலுங்கும் விழ வளர்ந்தவனுக்குச் சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. நூல்களில் பார்த்ததையும் ஊரில் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் 'பிடிவாதம்' என்ற சொல்லையே பிரித்துப் பார்ப்போம். பிடி, வாதம் என்று இரண்டு பகுதிகள். 'பிடி' நம் சொந்தச் சொல். கையால் பற்றுவது பிடி. கத்திக்கு உள்ளது பிடி, ஒரு கைப்பிடி அரிசியும் பிடி. தெலுங்கில் கத்தியின் கைப்பிடிக்கும் மடக்கிய கைக்கும் 'பிடி' என்றே பெயர். கன்னடத்தில் அது 'ஹிடி' ஆகிவிடும். நம்முடைய பால் அவர்களுக்கு 'ஹாலு', பல் 'ஹல்லு', அதே வழியில் பிடி 'ஹிடி'. பெங்களூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

'வாதம்' வடசொல். இங்கேதான் ஒரு வேடிக்கை. வடமொழியில் 'வாத' என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று பேச்சு, விவாதம் என்று பொருள்படுவது. மற்றொன்று காற்று என்று பொருள்பட்டு, அதிலிருந்து வைத்தியர் சொல்லும் வாதநோய்க்குப் பெயராக வந்தது. அங்கே ஒலி வேறு, எழுத்தும் வேறு. தமிழில் இரண்டையும் 'வாதம்' என்று ஒன்றாகவே எழுதிவிடுகிறோம். அதனால்தான் "வாதத்துக்கு மருந்துண்டு, பிடிவாதத்துக்கு மருந்தில்லை" என்ற பழமொழி நமக்குக் கிடைத்தது. என் பாட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே தாத்தாவைப் பார்த்து இதைச் சொல்வாள். தாத்தா காது கேளாதவர் போல் இருந்துவிடுவார்.

பழைய தருக்க நூலார் விவாதத்தை மூன்று வகையாகப் பிரித்தனர். உண்மையைக் காணும் பொருட்டு இருவர் பேசுவது வாதம். எப்படியாவது வெல்ல வேண்டும் என்று பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் இல்லாமல் எதிரி சொல்வதை உடைப்பதே வேலையாகப் பேசுவது விதண்டை. இதில் மூன்றாவது நம் வீடுகளில் இன்றும் 'விதண்டாவாதம்' என்று வழங்குகிறது. பிடிவாதத்தையும் விதண்டாவாதத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிடிவாதக்காரன் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை விடமாட்டான். விதண்டாவாதக்காரன் கை வெறுங்கை. சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர்களுக்கு இதற்குமேல் உதாரணம் தேவையில்லை.

தெலுங்கிலும் 'பிடிவாதம்' என்ற சொல் உண்டு. ஆனால் குழந்தை பொம்மைக்கு அழுவதை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஒரு கொள்கையை, மதக் கருத்தை, ஆராயாமல் இறுகப் பற்றிக்கொண்டு பேசுவதற்கே பெரும்பாலும் அச்சொல் பயன்படுகிறது. சொல்லின் பழைய பொருளுக்கு, அதாவது வாதத்தில் பிடித்த பிடி என்பதற்கு, அவர்கள் வழக்கே நெருக்கமாக இருக்கிறது. நாம் அதை அடுப்படி வரைக்கும் கொண்டு வந்துவிட்டோம்.

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்பதைக் கேட்டிருப்பீர்கள். முயலுக்கு நாலு கால் என்று ஊரே சொன்னாலும், நான் பிடித்ததற்கு மூன்றுதான் என்று நிற்பவனைப் பற்றிய பேச்சு. சிறுவனாயிருந்தபோது இது நம் தமிழுக்கே உரியது என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் ஒருநாள், "தானு பட்டின குந்தேலுக்கு மூடே காள்ளு" என்றார். அதே முயல், அதே மூன்று கால். பிற்காலத்தில் வேலை நிமித்தம் கர்நாடகப் பக்கம் போனால் அங்கே, "தானு ஹிடித மொலக்கெ மூரே காலு" என்கிறார்கள். மூன்று மொழியிலும் வினைச்சொல்லின் பொருள் பிடித்தல் என்பதாகவே இருப்பதைக் கவனியுங்கள். நாம் 'பிடித்த' என்கிறோம், கன்னடர் 'ஹிடித' என்கிறார்கள், தெலுங்கர் 'பட்டின' என்கிறார்கள். இந்தப் 'பட்டு' வேறொன்றும் அன்று, நம்முடைய 'பற்று'தான். நம் சுற்று அவர்களுக்குச் 'சுட்டு', புற்று 'புட்ட', சுற்றத்தார் 'சுட்டாலு'. அந்த வரிசையில் பற்று 'பட்டு' ஆயிற்று.

மற்ற சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். 'அடம்' குழந்தைகளுக்கு உரியது. வடமொழி 'ஹட' என்பதிலிருந்து வந்தது என்பர். ஹடயோகத்தில் உள்ளதும் அச்சொல்லே. அடங்காமையோடு சேர்த்துத் தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. 'முரண்டு' மாட்டுக்கு முதலில் வந்திருக்க வேண்டும். முரண் என்றால் எதிர்ப்பு. வண்டியில் பூட்டிய காளை எதிர்ப்பக்கம் இழுப்பது முரண்டு, படுத்துக்கொண்டு எழாமலிருப்பது சண்டித்தனம். வடக்கே இருப்பவர்கள் நாள்தோறும் கேட்கும் 'ஜித்' அரபு மொழியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. அரபியில் அதற்கு எதிரானது என்று பொருள். நம் முரண்டுக்கும் அதற்கும் கருத்து ஒன்றாக இருப்பதைப் பாருங்கள்.

இனி வருவது 'மொண்டி'. இச்சொல்லில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

நகரிப் பக்கத்துத் தமிழில் மொண்டி என்றால் கால் ஊனமுற்றவர். நொண்டி என்பதன் இன்னொரு வடிவம் போலவே பேச்சில் வரும். தெலுங்கில் அதே ஒலிக்கு மழுங்கியது, உறுப்புக் குறைந்தது, பிடிவாதம் பிடித்தது என்று பல பொருள்கள். வெட்டாத கத்தி 'மொண்டி கத்தி'. கேட்டதை இல்லையென்று மறுப்பது 'மொண்டிச் செய்யி' காட்டுவது. வங்கிக்குத் திரும்பி வராத கடனைத் தெலுங்குப் பத்திரிகைகள் 'மொண்டி பகாயி' என்று எழுதும். தமிழில் நாம் வாராக்கடன் என்கிறோம். அவர்களோ பிடிவாதம் பிடித்த பாக்கி என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. மழுங்கல் எப்படிப் பிடிவாதம் ஆயிற்று? கூர்மையில்லாத கத்தி எதற்குள்ளும் இறங்காது, பிடிவாதக்காரனுக்குள்ளும் எந்தச் சொல்லும் இறங்காது. அந்த வழியாகப் பொருள் நகர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். நம்மிடம் உள்ள மொண்ணையையும் முண்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு மனிதக் கூட்டத்தின் வரலாறும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் 'மொண்டி' என்ற பெயரில் ஒரு பிச்சைக்காரக் கூட்டத்தைக் குறிப்பிடுகிறார். கல்லடி மங்கம், கல்லடிச் சித்தன் என்பன அவர்களுக்கே உரிய வேறு பெயர்கள். கடை வாசலில் வந்து நின்றால் காசு விழும் வரை நகரமாட்டார்கள். கல்லால் தம்மையே அடித்துக்கொள்வார்கள், உடம்பைக் கீறிக்கொள்வார்கள். கடைக்காரர் பயந்தோ வெட்கப்பட்டோ கொடுத்துவிடுவார். கல்லடி என்ற பெயர் அப்படி வந்தது. வாயைத் திறக்காமல் அசையாமல் இருப்பவனை நாம் 'கல்லுளிமங்கன்' என்கிறோமே, அந்த மங்கனும் இந்தக் கல்லடி மங்கமும் உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. "கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி" என்று சொல்லும் பழமொழியைச் சிலர் கல்லுளிச்சித்தன் என்று சொல்வதுண்டு. தர்ஸ்டன் தரும் இரு பெயர்களும் அப்படியே இதில் இருக்கின்றன.

தெலுங்கில் இன்னொரு பழமொழி: "ராஜு கண்டே மொண்டிவாடு பலவந்துடு." அரசனைவிடப் பிடிவாதக்காரன் வலியவன் என்பது பொருள். இதில் பழிப்பும் இருக்கிறது, கொஞ்சம் வியப்பும் இருக்கிறது.

வியந்து சொன்ன ஒரு சொல்லால் நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஊரில் பள்ளியில் என்னோடு படித்த ஒருவனுக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. தமிழ் பேசும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு கோடை முழுவதும் விழுந்து எழுந்து, ஒற்றைக் காலால் மிதித்தே பழகிவிட்டான். பள்ளி திறந்த அன்று சைக்கிளில் வந்து இறங்கினான். எங்கள் தெலுங்கு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு வகுப்பில், "நுவ்வு மொண்டிவாடிவிரா!" என்றார். நீ விடாப்பிடிக்காரனடா என்று மெச்சிச் சொன்னதுதான். வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் காதில் விழுந்தது வேறு. சிரித்துவிட்டோம். வாத்தியாருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த வருடம் முடிவதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். வீட்டில் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். தறியில் உட்கார்ந்துவிட்டான்.

முப்பது வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தேன். நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தயங்கித் தயங்கி, அன்றைக்கு வாத்தியார் உன்னைக் காலை வைத்துச் சொல்லவில்லை, தெலுங்கில் அதற்கு வேறு அர்த்தம் என்று ஆரம்பித்தேன். அவன் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. அவரு தெலுங்குலே சொன்னாரு. நீங்கதான் தமிழ்லே சிரிச்சீங்க" என்றான். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. காப்பி வந்தது, குடித்தோம்.

மாற்றுத்திறனாளி என்ற சொல்லை இன்று பழகிவிட்ட பிள்ளைகள் நொண்டி, மொண்டி முதலியவற்றை மனிதரைக் குறிக்கப் பயன்படுத்த வேண்டாம். ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ இருப்பவர்கள், தெலுங்கு நண்பர் 'மொண்டி' என்று சொன்னால் உடனே கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

இப்போது வைராக்கியத்துக்கு வருவோம். அந்தப் பெண் கேட்டது இதைத்தான்.

'ராகம்' என்பதற்கு வடமொழியில் நிறம், ஆசை, பற்று என்று பொருள்கள் உண்டு. ராகம் நீங்கிய நிலை விராகம், அந்தத் தன்மை வைராக்கியம். ஆக மூலப்பொருள் பற்றின்மை. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று வீட்டில் பெரியவர்கள் கேலியாகச் சொல்வது இந்தப் பழைய பொருளில்தான். பிரசவ வலியில் இனிப் பிள்ளையே வேண்டாம் என்பதும், சுடுகாட்டில் நிற்கும்போது உலகமே பொய் என்பதும் வீடு திரும்பியதும் போய்விடும். பிடிவாதம் என்றால் பிடித்துக்கொள்வது, வைராக்கியம் என்றால் விட்டுவிடுவது. பிறப்பின்படி இரண்டும் நேர் எதிர். தம்பி ஐஸ்கிரீமைப் பிடித்துக்கொண்டான். இனி ஐஸ்கிரீமே வேண்டாம் என்று ஒரு மாதம் இருந்திருந்தானானால் அது வைராக்கியம்.

ஆனால் சொற்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை. தமிழில் வைராக்கியம் மெல்ல மெல்லக் குன்றாத உறுதி என்ற பொருளுக்கு வந்துவிட்டது. வைரக்கல்லும், வைரம் பாய்ந்த கட்டையும் காதில் ஒலித்ததும் ஒரு காரணமாயிருக்கலாம். "வைராக்கியமாக இருந்து மூன்று பெண்களையும் படிக்க வைத்தாள்" என்கிறோம். அங்கே அவள் எதையும் விட்டுவிடவில்லை, ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியானால் அது ஏன் பிடிவாதம் இல்லை? அகராதி இதற்கு விடை சொல்லாது. நான் பார்த்த வரையில் வேறுபாடு செலவுக் கணக்கில் இருக்கிறது. ஒன்றை விடாமல் பிடித்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பிடித்தவரே கொடுத்தால் நம் மக்கள் அதை வைராக்கியம் என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கொடுக்க வேண்டியிருந்தால் பிடிவாதம் என்கிறார்கள். ஐஸ்கிரீமுக்குக் காசு கொடுத்தது அப்பா.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் நேராக வருமா என்றால், வராது. தன்னையே கல்லால் அடித்துக்கொண்ட மங்கம் வலியைத் தானே வாங்கிக்கொண்டான், காசைக் கடைக்காரரிடம் வாங்கினான். கடன்காரன் வீட்டு வாசலில் பட்டினி உட்கார்ந்து கடனை வசூலிக்கும் பழைய வழக்கத்துக்குத் 'தர்ணா' என்று பெயர். அதுவும் 'பிடித்து வைத்தல்' என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்ததே. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய 'சத்தியாக்கிரகம்' என்ற சொல்லில் உள்ள ஆக்கிரகமும் இறுகப் பற்றுதல்தான். வாய்மையைப் பிடித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். தவறானதைப் பிடித்துக்கொள்வதைத் துராக்கிரகம் என்று அவர் வேறுபடுத்திச் சொன்னார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை நம்மைப்போல் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். தெலுங்கில் 'ஆக்ரஹம்' என்றால் கோபம். பிடித்த கை இறுகினால் கோபமாகத் தெரிவது இயல்புதானே.

பிடிப்பது நாமா அவர்களா என்பதைப் பொறுத்தும் சொல் மாறிவிடும். இதை எங்கள் ஊரைப்போல் கண்டறிந்த ஊர்கள் குறைவு. தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு சென்னை மயிலாப்பூரில் 58 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது, சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. "மதராஸ் மனதே" என்று அந்தப் பக்கம் முழங்கினார்கள். இந்தப் பக்கம் ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகத்தார், "வேங்கடத்தை விடமாட்டோம்" என்று முழங்கினார்கள். திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்து மக்களைத் திரட்டினார். 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது முதலான கோரிக்கைகளுக்காக ஜூலை 27இல் உண்ணாவிரதம் தொடங்கி, 75 நாட்களுக்கு மேல் இருந்து, அக்டோபர் 13இல் மறைந்தார். அந்தப் பெயர் 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது.

கடைசியில் படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழியினர் மிகுதி, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து எல்லை வகுத்தார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. சத்தியவேடு ஆந்திரப் பக்கம் போயிற்று. திருப்பதியும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே இருந்தன. நான் அப்போது கைக்குழந்தை. திருத்தணியில் ரெயில் ஏறினால் சிறிது நேரத்தில் நகரி, ஆனால் அது அன்று முதல் வேறு மாநிலம். (அந்தப் பாதையில் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. இவ்வளவு நீளப் பெயர் நாட்டில் வேறு ஸ்டேஷனுக்கு இல்லை என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். பெயர்ப்பலகை எழுதுபவரின் பாடு எனக்குத் தெரியும்.)

நான் வளர்ந்த பிறகும் என் அப்பாவும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு நெசவாளரும் மாலை வேளையில் இதைப்பற்றிப் பேசி ஓயமாட்டார்கள். நம்முடையது உறுதி, உங்களுடையது பிடிவாதம் என்பார் அப்பா. அவர் விடாமல், "மாதி பட்டுதல, மீதி மொண்டிதனம்" என்பார். எங்களுடையது பட்டுதல, உங்களுடையது மொண்டித்தனம் என்று பொருள். 'பட்டுதல' என்பது தெலுங்கில் மெச்சும் சொல். எடுத்த காரியத்தை விடாமை. அதுவும் அதே 'பட்டு', அதே பற்று. இருவரும் ஒரே கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது அப்பா, எங்கள் பாட்டி இறந்தபோது முதலில் வந்து நின்றது அவர். எல்லை மட்டும் அவர்கள் பேச்சில் ஓர் அங்குலமும் நகரவில்லை.

இந்தப் 'பட்டு' தரும் இன்னொரு அழகான சொல் 'பட்டு விடுப்பு'. பிடித்தலும் விடுதலும் சேர்ந்தது. ஒருவரிடம் பட்டு விடுப்பு இருக்கிறது என்றால், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர் என்று பொருள். தமிழில் 'விட்டுக்கொடு' என்கிறோம், அதில் விடுதல் மட்டும் தெரிகிறது. 'விட்டுப் பிடி' என்பது அதைவிட நெருங்கி வருகிறது.

இச்சொல்லை நான் இலக்கணமாகக் கற்கவில்லை, தண்டவாளத்தில் கற்றேன். வேலையில் சேர்ந்த புதிது. பழைய பதின்மூன்று மீட்டர் தண்டவாளங்கள். ஜாயின்ட்களில் இடைவெளி அதிகமாகத் தெரிகிறதே என்று எல்லாவற்றையும் நெருக்கி, பிஷ் பிளேட் போல்ட்டுகளை இறுக்கி முடுக்கச் சொன்னேன். வயதான தெலுங்கு கேங்மேட் ஒருவர், "பட்டு விடுப்பு உண்டாலி, சார்" என்றார். முப்பது டிகிரி வெப்பம் ஏறினால் அந்த நீளத் தண்டவாளம் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் நீளும். போக இடமில்லை என்றால் மே மாதத்தில் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். புத்தகத்தில் நானும் படித்ததுதான், கையிலிருந்த ஸ்பானர் மறக்கடித்துவிட்டது. இப்போது வெல்டிங் செய்து கிலோமீட்டர் கணக்கில் ஒரே தண்டவாளமாக ஓட்டுகிறார்கள். கான்கிரீட் சிலிப்பரில் கிளிப் போட்டு அசையவிடாமல் பிடித்திருப்பார்கள். அதற்கும் இரண்டு கோடியிலும் நீண்டு சுருங்கும் ஜாயின்ட் ஒன்று வைத்தே தீர வேண்டும்.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருகிறேன். அம்மா, உன் வாக்கியத்தில் தவறு ஒரே ஒரு சொல்தான், 'வைராக்கியம்' இருந்த இடத்தில் 'அடம்' வர வேண்டும். நீ கேட்ட கேள்வியில் தவறே இல்லை. நீ வகுப்புக்கு வராமல் இருப்பதை உன் தாயார் பிடிவாதம் என்கிறார். மேலே சொன்ன செலவுக் கணக்குப்படி பார்த்தேன். தமிழ் போகிறது உனக்கு. அதனால் அதைப் பிடிவாதம் என்று நான் எழுத மாட்டேன். சிரித்தவர்களில் மூத்தவன் நான், அது என் கணக்கில் இருக்கட்டும்.

வகுப்பு வழக்கம்போல் ஞாயிறு காலை பத்து மணிக்கு. இந்த வாரச் சொற்கள் வீம்பு, கறார், விடாக்கண்டன், கொடாக்கண்டன். ஜன்னலோரத்து இரண்டாவது நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.